சுங்கானின் அளவும் ராகலையின் பொழுதும்



நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக உடப்புசல்லாவை நோக்கிச் செல்லும் பாதையில் அமைந்துள்ள ஊர் ராகலை. இன்று அங்கு செல்வோர் பேருந்திற் செல்கின்றனர். ஆயின் 1904 ஆம் ஆண்டு தொடங்கி மூன்று தசாப்தங்களுக்கும் மேலாக அவ்வூருக்குப் புகைவண்டி சென்றது என்பதை இன்றைய தலைமுறையினர் பலர் அறியார். நானுஓயாவிற் பெரிய பாதையிலிருந்து பிரிந்து, நுவரெலியாவையும் கந்தப்பளையையும் தொட்டு, ராகலையில் முடிவுற்ற அச்சிறு பாதையின் அகலம் 2 அடி 6 அங்குலம். கொழும்பிலிருந்து வந்த பெரிய பாதையின் அகலமோ 5 அடி 6 அங்குலம். மலையின் வளைவுகள் கூரியவை. செலவிடக்கூடிய பணமும் அளவானது. ஆதலாற் பாதையை ஒடுக்கினார்கள். 1940-களில் அது மூடப்பட்டது. பாதை மறைந்தாலும், 2 அடி 6 அங்குலம் என்ற அளவு ஒன்றை அறிந்தவர்க்கு அப்பாதையின் வரலாற்றிற் பாதி விளங்கிவிடுகின்றது.

பொருள்களின் அளவு இவ்வாறு வரலாறு பேசும். இன்று நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் புகைவண்டியினும் மிகச் சிறியது, உள்ளங்கையில் அடங்குவது. அதுவே சுங்கான். தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களின் பழைய நிழற்படங்களிலே, சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கும் துரையின் கையில் அல்லது வாயில் அதனைக் காணலாம். சிலருடைய சுங்கான் பெரியது. சிலருடையது கட்டைவிரலளவே ஆனது. இவ்வேறுபாடு வெறும் அழகு பற்றியதா, அன்றி இதற்கும் காரணம் உண்டா என்பதே நம் வினா.

முதலிற் பொருளை அறிந்துகொள்வோம். சுங்கானுக்கு மூன்று உறுப்புக்கள் உள. புகையிலையை இட்டு நெருப்பு வைக்கும் குழிந்த பகுதியைக் கிண்ணம் என்போம். கிண்ணத்திலிருந்து புகையைக் கொண்டுவருவது தண்டு. பற்களாற் பற்றிக்கொள்வது வாய்முனை. ஒருவர் 'இது சிறிய சுங்கான்' என்று கூறும்போது, அவர் நீளத்தைக் கருதியிருக்கலாம், எடையைக் கருதியிருக்கலாம். ஆயினும் உண்மையான அளவு கிண்ணத்தின் உள்ளேதான் இருக்கின்றது. உள் விட்டம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு என்னும் இரண்டினையும் கொண்டே அதிற் கொள்ளும் புகையிலை எவ்வளவு என்று கூற முடியும். முழ நீளத் தண்டுடைய சுங்கானுக்கும் விரல்நுனி கொள்ளாத கிண்ணம் இருக்கக்கூடும்.

இக்கிண்ணம் தோன்றிய காலத்தில் மிகவும் சிறியதாகவே இருந்தது. அமெரிக்க மண்ணிலிருந்து 16 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா சென்ற புகையிலை, தொடக்கத்தில் மிகவும் விலையுயர்ந்த பண்டம். ஆங்கிலேயர் அதனை வெண்களிமண்ணாற் செய்து சுட்ட சுங்கான்களிற் புகைத்தனர். அக்காலத்துக் களிமண் கிண்ணங்களை இன்று நிலத்திலிருந்து தோண்டியெடுத்துப் பார்ப்போர் அவற்றின் சிறுமை கண்டு வியக்கின்றனர். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்றே எண்ணத் தோன்றும். விலை மிகுந்த பொருளைச் சிறிய பாத்திரத்தில் இடுவது உலக வழக்கு. நம் வீடுகளிற் குங்குமப்பூவை அண்டாவில் வைப்பாரில்லை அன்றோ?

1604 ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ், புகைத்தலைக் கண்டித்து நூலொன்று வெளியிட்டதோடு, இறாத்தலுக்கு 2 பென்சாயிருந்த புகையிலைத் தீர்வையை 6 ஷில்லிங் 10 பென்சாக உயர்த்தினார். ஆனால் 1612 ஆம் ஆண்டளவில் வர்ஜீனியாவில் ஜோன் ரோல்ஃப் என்பவர் நல்ல இனப் புகையிலையைப் பயிரிடத் தொடங்கியபின், அந்நாட்டிலிருந்து இலை கப்பல் கப்பலாக வந்து குவிந்தது. விலை வீழ்ந்தது. விலை வீழ வீழக் கிண்ணம் பெருத்தது. 17 ஆம் நூற்றாண்டு முழுவதிலும் கிண்ணம் படிப்படியாகப் பெரிதாகிக்கொண்டு வந்ததை அகழ்வாய்வாளர் வரிசையாக அடுக்கிக் காட்டுகின்றனர். ஆகவே சுங்கானின் அளவு முதலில் எழுதிவைத்த கணக்கு, இலையின் விலைக் கணக்கேயாகும்.

தண்டின் துளையும் அவ்வாறே ஒரு கணக்கை எழுதியது. காலம் செல்லச் செல்லத் தண்டு நீண்டது. நீண்ட தண்டுக்கு ஏற்பத் துளை ஒடுங்கியது. 1954 ஆம் ஆண்டில் அமெரிக்க அகழ்வாய்வாளர் ஹரிங்டன் என்பார், உடைந்து கிடந்த தண்டுத் துண்டுகளின் துளையை அளந்து ஓர் அட்டவணையை வெளியிட்டார். ஓர் அங்குலத்தை 64 கூறாக்கினால், 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துத் துளை 9 கூறு. 18 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அது 4 கூறாகக் குறைந்துவிட்டது. பெயரும் முத்திரையும் அற்ற துண்டு ஒன்று போதும். துளைப்பான் அலகு ஒன்றை உள்ளே செலுத்திப் பார்த்து, அது கிடந்த இடத்தின் காலத்தை ஓரளவு மதிப்பிடலாம்.

ஐரோப்பாவில் இவ்வாறு நிகழ்ந்துகொண்டிருந்த காலத்திற் புகையிலை நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. போர்த்துக்கேயர் காலத்தில் கீழைநாடுகளிற் பரவிய இப்பயிர், யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிற் செழித்து வளர்ந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய முக்கிய சரக்காயிற்று. ஒல்லாந்தரின் தாய்நாட்டிலே கௌடா என்னும் நகரம் களிமண் சுங்கான்களுக்குப் பேர் பெற்றிருந்தது. எனினும் நம்மவர் அக்களிமண் சுங்கானைப் பெரிதும் தழுவவில்லை. இலையையே சுருட்டிச் சுருட்டாக்கினர். அல்லது வெற்றிலையோடு சேர்த்து மென்றனர். இவ்விரண்டுக்கும் சுங்கான் வேண்டியதில்லை. இதனைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இங்கேதான் திரும்பி வருவோம்.

களிமண் சுங்கான் மலிவானது, ஆனால் எளிதில் உடையும், கையையும் சுடும். அதற்கு மாற்றாக 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்தது பிரையர் மரச் சுங்கான். மத்தியதரைக் கடலோரத்துக் குன்றுகளில் வளரும் எரிக்கா என்னும் புதர்மரத்தின் வேருக்கும் தண்டுக்கும் இடையே திரண்டு வளரும் முண்டுதான் பிரையர் எனப்படுவது. பிரெஞ்சு மொழியில் அம்மரத்துக்கு வழங்கும் புருயேர் என்ற பெயரே ஆங்கிலேயர் நாவிற் பிரையர் எனத் திரிந்தது. ஹோட்டன் சமவெளியிலும் பீதுருதாலகால மலையிலும் செந்நிறமாகப் பூத்து நிற்கும் மகா இரத்மல் மரமும் அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது மலையக நேயர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும்.

இம்முண்டு பல ஆண்டுகள் மண்ணுக்குள் வளர்ந்து இறுகுவது. அதனைத் தோண்டியெடுத்து, துண்டமாக அறுத்து, பல மணி நேரம் நீரிற் கொதிக்கவைத்து, உள்ளிருக்கும் சாற்றைப் போக்கி, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்துவர். அதன்பின்னரே கடைசல் வேலை தொடங்கும். இவ்வாறு பக்குவப்பட்ட மரம் நெருப்புக்கு எளிதிற் கருகுவதில்லை, எடையும் குறைவு. பிரான்சின் யூரா மலைப்பகுதியிலுள்ள செயின்ட் குளோட் என்ற சிற்றூரில் மரக்கடைசல் செய்து வாழ்ந்த கைவினைஞர், 1850-களில் இத்தொழிலைக் கைக்கொண்டு உலகெங்கும் அனுப்பினர். பின்னர் இலண்டன் நகரமும் இதிற் போட்டியிட்டது. 1907 ஆம் ஆண்டில் இலண்டன் டியூக் வீதியிற் புகையிலைக் கடை திறந்த அல்ஃபிரட் டன்ஹில், 1910 ஆம் ஆண்டிற் சொந்தமாகவே சுங்கான் செய்யத் தொடங்கினார்.

அளவுகளுக்குப் பெயரும் எண்ணும் இட்டு விற்கும் வழக்கம் இக்காலத்திலே வலுப்பெற்றது. டன்ஹில் நிறுவனம் தன் சுங்கான்களை 1 முதல் 6 வரை தொகுதிகளாகப் பிரித்தது. 1950 ஆம் ஆண்டளவிலிருந்து அவ்வெண்ணை வட்டத்துக்குள் அமைத்துத் தண்டின் அடியிற் பொறித்தது. எண் 1 மிகச் சிறியது, 6 பெரியது. பார்லிங் என்ற பழைய இலண்டன் நிறுவனமோ எண்ணுக்குப் பதிலாக எழுத்தைக் கையாண்டது. எஸ். என்றாற் சிறியது, எஸ்.எம். என்றாற் சிறியதற்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்டது; எல். என்றாற் பெரியது; ஈ.எல். என்றால் மிகப் பெரியது. ஒருவருடைய நிறுவனத்திற் சிறியது, மற்றவருடைய நிறுவனத்தில் நடுத்தரமாகிவிடும். கொத்துக்கும் மரக்காலுக்கும் ஊருக்கு ஊர் அளவு மாறியதைக் கண்ட நமக்கு இது புதுமையன்று. ஆகவே முத்திரையை மட்டும் நம்பாமல், அளவுகோலை எடுத்துக் கிண்ணத்தின் உள்ளே வைத்துப் பார்ப்பதே அறிவுடைமை. விட்டம் ஏறக்குறைய 16 மில்லிமீற்றரும், ஆழம் 30 மில்லிமீற்றருக்குள்ளும் இருந்தால் அதனைச் சிறியது எனலாம். 19 அல்லது 20 மில்லிமீற்றர் விட்டமுடையது நடுத்தரம். 22-க்கு மேற்பட்டது பெரியது.

சிறிய பிரையர் சுங்கானைத் தேர்ந்தெடுப்போர் பார்த்த இலக்கணங்களும் சில உள. கிண்ணத்தின் சுவர் எப்புறமும் ஒரே தடிப்பாக இருத்தல் வேண்டும். வெளித்தோற்றத்தைச் சிறிதாக்குவதற்காகச் சுவரை மெல்லியதாக்கியிருந்தாற் கை சுடும். தண்டின் துளை கிண்ணத்தின் அடித்தளத்தோடு சரியாக வந்து சேர வேண்டும். உயர்ந்து நின்றால் அடியிலுள்ள இலை எரியாமல் ஈரமாகித் தங்கிவிடும். பஞ்சு சுற்றிய கம்பி ஒன்றை வாய்முனையிலிருந்து செலுத்தினால், அது தடையின்றிக் கிண்ணத்தை அடைதல் வேண்டும். மரத்தில் ஓடும் ரேகைகளையும் பார்ப்பர். நேராக மேலெழும் ரேகைக்கு விலை அதிகம். பிளவையும் பொத்தலையும் மெழுகால் அடைத்து மறைத்திருக்கின்றார்களா என்பதை வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பர். எடை ஏறக்குறைய ஓர் அவுன்சாயிருந்தால் அதனைப் பற்களிடையே கவ்விக்கொண்டே நடக்கலாம். ஒரு முறை புகைத்த சுங்கானை ஒரு நாளாவது உலரவிட வேண்டும் என்பதும் விதி. அதனாற் செல்வர்கள் வாரத்தின் ஏழு நாள்களுக்கு ஏழு சுங்கான்கள் அடங்கிய பெட்டிகளையே வாங்கினர்.

நேயர்களே, இவ்வளவும் கூறியபின் மலைநாட்டுக்கு வருவோம். பிரையர் சுங்கான் உலகெங்கும் பரவிய காலமும், இலங்கை மலைநாட்டிற் கோப்பி அழிந்து தேயிலை எழுந்த காலமும் ஏறக்குறைய ஒன்றே. 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர் ஸ்கொத்லாந்து நாட்டவர். அந்நாட்டவர் பலர் துரைமாராக இங்கு வந்தனர். ராகலைக்கு அண்மையிலுள்ள லிடஸ்டேல் தோட்டத்தின் பெயரே ஸ்கொத்லாந்தின் எல்லைப்புறப் பள்ளத்தாக்கு ஒன்றின் பெயர்தான். குறுந்தண்டுச் சுங்கானைக் 'கட்டி' என்று வழங்கியவர்களும் அந்நாட்டவரே. காற்று வீசும் மலைச்சரிவில் நடந்துகொண்டே புகைப்பதற்குக் குறுகிய தண்டும் சிறிய கிண்ணமும் ஏற்றவை. தீப்பொறி பறவாதிருக்கத் துளையிட்ட உலோக மூடியும் இடுவதுண்டு. மாலையிற் கணப்பருகே அமர்வதற்கோ பெரிய சுங்கான் வேண்டும். இங்கே கிண்ணத்தின் அளவு இலையின் விலையைக் குறிக்கவில்லை. விலை ஒரு பொருட்டாக இல்லாதவன் கையில், அது பொழுதின் அளவாக மாறிவிட்டது.

நம் முன்னோர் நாழிகை வட்டில் என்னும் பாத்திரத்தாற் காலத்தை அளந்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். சிறிய சுங்கானில் இட்ட புகையிலை அமைதியாக எரிந்து முடிய ஏறக்குறைய ஒரு நாழிகை செல்லும். பெரிய கிண்ணமோ இரண்டு நாழிகைக்கு மேலும் எரியும். ஆகவே சுங்கானைத் தேர்ந்தெடுப்பவன் தன்னிடம் எவ்வளவு ஓய்வு உண்டு என்பதையே தேர்ந்தெடுக்கின்றான். காலை நடைக்கு ஒரு நாழிகை. மாலைக்கு மூன்று நாழிகை. பொழுதைப் பங்கிடும் உரிமை அவனிடம் இருந்தது.

அதே தோட்டத்தில், அதே விடியலில், லயத்துக் காம்பராவிலிருந்து எழுந்தவருக்கு அவ்வுரிமை இருக்கவில்லை. இருள் விலகுமுன் தப்பொலி கேட்கும். பிரட்டுக்களத்திற் பெயர் பதிய வேண்டும். பின்னர் கங்காணியின் கண் பார்வையில் நிரை பிடித்துக் கொழுந்து கொய்ய வேண்டும். கொழுந்தின் நிறை குறைந்தால் ஒரு 'பேர்' அரைப்பேராகிவிடும். 1927 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தைத் தொடர்ந்து, 1929 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளத்தின்படி, மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாட்கூலி 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். சிறுவருக்கு 32 சதம். நாள் முழுவதுக்குமான விலை இது. இதில் ஒரு நாழிகையின் விலை யாது என்று நேயர்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

அத்தொழிலாளரும் புகையிலையை அறிந்தவர்களே. யாழ்ப்பாணத்து வணிகர் தென்னிலங்கையிலும் மலைநாட்டிலும் நடத்திய சுருட்டுக்கடைகள் அதனை அவர்களிடம் கொண்டுவந்தன. ஆனால் கொழுந்து பறிப்பவளுக்கு இரு கைகளும் செடியின் மேல் இருத்தல் வேண்டும். சுங்கானுக்கு ஒரு கை வேண்டும். அடிக்கடி தீக்குச்சியும் வேண்டும். இருந்து அனுபவிக்கும் பொழுதும் வேண்டும். வெற்றிலைக்கோ வாய் ஒன்றே போதும். கூடையைச் சுமந்தவாறே, கையை நிறுத்தாமலே, குளிரையும் பசியையும் சற்று மறக்கச் செய்தது அந்தப் புகையிலைத் துண்டு. ஒரே இலை, பங்களாவில் ஓய்வின் அடையாளமாகவும், மலையில் ஓய்வின்மையைத் தாங்கும் மருந்தாகவும் நின்றது. முன்னர் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதனையே. சுங்கான் வேண்டாத வழக்கம் நம்மவரிடம் முன்பே இருந்தது; ஆயின் தோட்டம் அவ்வழக்கத்தை விருப்பம் என்ற நிலையிலிருந்து கட்டாயம் என்ற நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

அம்மருந்து மருந்தன்று என்பதையும் வரலாறு கூறாமல் விடவில்லை. 1795 ஆம் ஆண்டிலேயே சோமெரிங் என்ற ஜெர்மானிய மருத்துவர், சுங்கான் புகைப்போரின் கீழுதட்டிற் புற்றுநோய் காணப்படுவதை எழுதிவைத்தார். 1964 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிக்கை, சுங்கானுக்கும் உதட்டுப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்திற்று. கிண்ணம் சிறியது என்பதால் நஞ்சு நீங்கிவிடுவதில்லை. புகையிலை சேர்த்த வெற்றிலையும் வாய்ப்புற்றுநோயைத் தருவது என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை. நம் நாட்டில் 2006 ஆம் ஆண்டின் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதைத் தடைசெய்துள்ளது. துரையின் உதட்டுக்கும் தொழிலாளியின் கன்னத்துக்கும் அந்த இலை வேறுபாடு காட்டவில்லை. வேறுபட்டது வைத்தியம் கிடைத்த வழியே.

1972 ஆம் ஆண்டிலும் 1975 ஆம் ஆண்டிலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களின்பின் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் காலம் முடிவுற்றது. உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில், பங்களாவிற் பணிபுரிந்த பாட்டனார் வைத்துச்சென்ற பிரையர் சுங்கான் ஒன்று இருக்குமானால், அதனை எறிந்துவிடாதீர்கள். தண்டின் அடியிலுள்ள முத்திரையைப் படியுங்கள். கிண்ணத்தின் விட்டத்தையும் ஆழத்தையும் அளந்து எழுதிவையுங்கள். உட்புறத்துக் கரியைச் சுரண்டாதீர்கள். அதுவும் ஒரு சான்று. அது யாருக்கு உரியதாயிருந்தது, எவ்வாறு உங்கள் வீட்டுக்கு வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு உடன் குறித்துவையுங்கள்.

அத்தோடு நின்றுவிடுவதும் நியாயமன்று. சுங்கானுக்கு எண் உண்டு, முத்திரை உண்டு, விலைப்பட்டியல் உண்டு. அதனால் அதன் வரலாற்றை எழுதுவது எளிது. சுருட்டு எரிந்து சாம்பலாகிவிட்டது. மென்ற வெற்றிலை மண்ணோடு போய்விட்டது. எஞ்சியிருப்பவை பாக்குவெட்டியும், சுண்ணாம்புக் கரண்டகமும், முடிச்சவிழ்ந்த வெற்றிலைப் பையுமே. அவற்றுக்கு எவரும் எண் இடவில்லை. கண்டிக்கு அண்மையில் ஹந்தானையில், 1925 ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட பழைய தொழிற்சாலையில் அமைந்துள்ள தேயிலை நூதனசாலை, இயந்திரங்களையும் டெயிலர் போன்றோரின் நினைவுகளையும் காக்கின்றது. கம்பளைக்கு அண்மையில் ஓல்ட் பீக்கொக் தோட்டத்துப் பழைய லயம் ஒன்றில் 2007 ஆம் ஆண்டு முதல் தொழிலாளர் நூதனசாலையும் இயங்கி வருகின்றது. அங்கே அவர்கள் புழங்கிய வீட்டுப் பொருள்கள் காக்கப்படுகின்றன. இரண்டையும் பார்த்தவனே மலைநாட்டை முழுமையாகப் பார்த்தவனாவான்.

ஆகவே ராகலையிலும் அதன் சூழலிலும் வாழும் நேயர்களே, சுங்கானை அளக்கும் அதே அளவுகோலால் உங்கள் பாட்டியின் வெற்றிலைப் பையையும் அளந்து எழுதிவையுங்கள். அது என்ன துணியால் ஆனது, எத்தனை அறைகளை உடையது, எத்தனை ஆண்டுகள் மலையேறி இறங்கியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரு நாழிகை எரிந்த கிண்ணத்துக்கு ஏட்டில் இடம் கிடைத்துவிட்டது. ஒரு நாழிகையும் ஓயாத கைகளுக்கு அவ்விடத்தைத் தேடித் தருதல் நமது கடமையாகும்.